இரண்டு உறுதிகள்

பதுளையிலும் அதனைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிலும் வாழ்வோர்க்கு ஆண்டில் இரண்டு விருந்தாளிகள் தவறாது வருவர். ஆனி, ஆடி மாதங்களிலே கச்சான் காற்று வரும். ஐப்பசி பிறந்ததும் வடகீழ்ப் பருவமழை வரும். முன்னது ஊவாத் தேயிலைக்குத் தனி மணந் தருவது. பின்னது எமது கிணறுகளையும் வயல்களையும் நிரப்புவது. இருவரும் நன்மை செய்பவர்களே. ஆயினும், எம்முடைய வீட்டுக் கூரையின் நட்பை இருவருமே விரும்புவதில்லை. முன்னவர் அதனைத் தூக்கிச் செல்லப் பார்ப்பார். பின்னவர் அதன் கீழுள்ள மண்ணைக் கரைத்துச் செல்லப் பார்ப்பார்.

இவ்விருவரையும் பற்றி இவ்வாரம் எழுத நேர்ந்த காரணம் மிகச் சிறியது. வாரந்தோறும் பத்திரிகையிலே பத்தி எழுதும் நாம், எமது வீட்டுக்கும் ஒரு பத்தி இறக்க எண்ணினோம். வீட்டின் பின்சுவருக்கும் அதற்கப்பாலுள்ள மண்மேட்டுக்கும் இடையே சிறியதொரு முற்றம் உண்டு. மாலை வேளையில் ஐயம் கேட்க வரும் மாணவர் அமர்வதற்கு அம்முற்றமே இடம். மழை தூறத் தொடங்கினால் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் அடுக்களைக்குள் ஓடிவருவர். ஆகவே 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டதாக ஒரு கூரை போடலாமென முடிவு செய்து, தெரிந்த மேசன் பாஸ் ஒருவரை அழைத்தோம். அவர் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“நாலு கம்பம், எட்டுத் தகரம். ஞாயித்துக்கிழமை காலையில தொடங்கினா பொழுதுபட முந்தி முடிச்சிடலாம் சேர்” என்றார்.

“அனுமதி எடுக்க வேண்டாமா?” என்று வினவினோம்.

அவர் சிரித்துவிட்டார். “வீடு கட்டத்தான் சேர் பிளேன். இதுக்கெல்லாம் என்னத்துக்கு?”

ஊரிலே பெரும்பாலார் எண்ணுவதும் அதுவே. சுவர் இல்லை, கதவு இல்லை, நாலு கம்பத்தின் மேல் ஒரு நிழல். இதற்குக் கூடவா சட்டம் என்று நாமும் எண்ணியிருப்போம். ஆனால் வகுப்பிலே பிள்ளைகளுக்கு ‘எதையும் ஆராய்ந்து செய்க’ என்று உபதேசிக்கும் தொழிலில் ஓர் இடர் உண்டு. என்றேனும் ஒருநாள் அந்த உபதேசத்தை நாமே கைக்கொள்ள வேண்டி வரும். எனவே ஞாயிறு வேலையை ஒத்திவைத்துச் சட்டத்தைத் தேடிப் படித்தோம்.

இலங்கையில் நகரங்களிலே கட்டடம் எழுப்புவதை ஒழுங்குசெய்யும் பழைய சட்டம், 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் ஆகும். கொழும்பிலே பிளேக் என்னுங் கொள்ளைநோய் 1914 இல் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டில் எழுந்த சட்டம் இது. நெருக்கமான மனைகளிலே வெளிச்சமுங் காற்றும் அற்றுப் போவதே நோய்க்கு வாசல் என்பதை அக்காலத்தார் கண்ணாரக் கண்டிருந்தனர். ஆதலால் புதிய வீட்டுக்கு மாத்திரமன்றி, இருக்கும் வீட்டிலே செய்யும் மாற்றங்களுக்கும் அனுமதி வேண்டும் என அச்சட்டம் விதித்தது. எவையெவை மாற்றங்கள் என்றும் பட்டியலிட்டது. கூரை அமைத்தல், மேலதிகமாக ஓர் அறையையோ கொட்டகையையோ எழுப்புதல் ஆகியவற்றோடு, சுவர்களுக்கோ கட்டடங்களுக்கோ இடையிலுள்ள திறந்தவெளிக்கு மேலே கூரையிடுதலும் அப்பட்டியலிலே தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு சட்டம் எமது பின்முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியது போல அது இருந்தது.

பின்னர் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. அதன் எல்லையென வெளிப்படுத்தப்பட்ட இடங்களிலே அபிவிருத்தி அனுமதிப் பத்திரம் இன்றிக் கட்டடவேலை செய்தல் ஆகாது. பெரும்பாலான வேளைகளில் அவ்வனுமதியை வழங்குவது உள்ளூராட்சி மன்றமே. பதுளையிலும் பண்டாரவளையிலும் மாநகர சபைகள் உண்டு. அப்புத்தளையில் நகர சபை உண்டு. ஏனைய இடங்களிலே பிரதேச சபைகள் உண்டு.

இங்கே ஒரு சிறு சொல்லாராய்ச்சிக்கு வாசகர் இடந்தருவாராக. மலையகத்திலே வீட்டு முன்புறத்துத் தாழ்வாரத்தை இஸ்தோப்பு என்கிறோம். அனுமதி கேட்கப் போகும் இடத்தைக் கந்தோர் என்கிறோம். இவ்விரண்டும் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்கள். ஒல்லாந்தர் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், இஸ்தோப்புக்காகக் கந்தோருக்கு நடக்கும் வேலை மட்டும் எம்மை விட்டு நீங்கவில்லை.

நிற்க. சட்டம் கேட்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைச் செய்வது பாதிக் கல்வியே. ஏன் கேட்கிறது என்று அறிவதே முழுக் கல்வி. நாலு கம்பக் கூரைக்கு எதற்குப் பொறியியல்? மாணவர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் அதனைத் தாமே காணலாம்.

வீடு இடிந்து விழுமோ என்று அஞ்சுகிறோம். ஆனால் தகரக் கூரைக்கு நேரும் பேராபத்து கீழே விழுவதன்று, மேலே பறப்பது. வீசுங் காற்று தடைப்படும்போது அது கொடுக்கும் அழுத்தத்தைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்று உண்டு. காற்றின் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என எடுத்து, அதனை வர்க்கித்து, 0.613 ஆற் பெருக்கினால், ஒரு சதுர மீற்றரின் மேல் விழும் விசை நியூற்றனில் வரும். செக்கனுக்கு 30 மீற்றர், அஃதாவது மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்திலே பலமான ஒரு வீச்சு வருகிறதெனக் கொள்வோம். விடை சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 552 நியூற்றன். நிறையாகச் சொன்னால் 56 கிலோகிராம். எமது கூரையின் பரப்பு 200 சதுர அடி, ஏறத்தாழ 18.6 சதுர மீற்றர். கூரையின் சாய்வையும் அமைப்பையும் பொறுத்து விசை கூடவோ குறையவோ செய்யுமெனினும், மொத்தத்தில் ஓராயிரம் கிலோகிராமுக்குச் சமமான விசை அதனை மேலே தள்ளக்கூடும். தகரங்களின் நிறையோ தொண்ணூறு கிலோகிராமைத் தாண்டாது.

சுவர்களால் மூடிய வீட்டிற் காற்று உள்ளே நுழைவது அரிது. திறந்த கூரையிலோ அது அடியிலிருந்து தள்ளும். அதே வேளையில் மேற்புறத்தைத் தழுவி ஓடி உறிஞ்சியும் இழுக்கும். ஒரு பக்கத்திலே வீட்டுச் சுவர் நின்று காற்றை மறித்தால் தள்ளல் இன்னும் மிகும். சுவரில்லாத கூரைக்குப் பொறியியல் வேண்டா என்பது இதனாலேதான் தலைகீழான எண்ணமாகின்றது. சுவரில்லாத கூரைக்கே அது மிகுதியும் வேண்டும். மேலும், காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ‘சென்ற ஆண்டுக் காற்றுக்கு நின்றதே’ என்று ஆறுதலடைபவர் இந்த வர்க்கக் கணக்கை மறந்துவிடுகின்றனர்.

இனி அந்த விசையை எதனாற் பிடித்து வைப்பது? பாதியை வீட்டுச்சுவர்ப் பக்கம் தாங்குமெனில், மறுபாதி வெளிக்கம்பங்களுக்கு வரும். வெளியே இரண்டு கம்பங்கள் எனின், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 260 கிலோகிராம் விசை பிடுங்க முயலும். ஒரு கன அடி கொங்கிறீற்றின் நிறை 68 கிலோகிராம். ஒன்றரை அடிச் சதுரமும் அதே ஆழமுங் கொண்ட அடித்தளம் 230 கிலோகிராமே வரும், போதாது. இரண்டு அடிக் கனசதுரமாயின் 544 கிலோகிராம். ஒன்றுக்கு இரண்டு என்ற பாதுகாப்பு உண்டு. குழிக்குள் அரை அடி ஆழத்திலே கம்பத்தை ஊன்றி நாலு கரண்டி சீமெந்துக் கலவை போடும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்வர். அடித்தளம் பலமாயிருந்தாலும், வளைமரத்தைக் கம்பத்தோடு வெறும் ஆணியாற் பொருத்தியிருந்தால் காற்று ஆணியை உருவிக்கொண்டு போகும். தகரத்திலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து அடித்தளத்துக்குமாக ஒரு சங்கிலி அறாது செல்லவேண்டும். பொறியியலாளர் தமது கையொப்பத்தால் உறுதி கூறுவது அந்தச் சங்கிலியையே.

காற்றைப் பற்றிச் சொன்னோம்; மழையைப் பற்றிச் சொல்லவில்லை. எமது மாவட்டத்திலே அதுவே பெரியது. அதே 200 சதுர அடிக் கூரையின் மேல் ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால், கூரையிலிருந்து வழியும் நீர் ஏறக்குறைய 2,800 லீற்றர். கூரை இல்லாதபோது அந்நீர் முற்றமெங்கும் பரந்து விழுந்தது. கூரை வந்தபின் அது ஒரே விளிம்பில், ஒரே கோட்டில் விழும். அக்கோடு அயல் வீட்டின் மேட்டிலோ, எமது பின்புறத்து மண்வெட்டின் அடியிலோ இருந்தால், நாமே கைப்பணம் செலவிட்டு மண்சரிவுக்கு வாய்க்கால் வெட்டியவர்கள் ஆவோம்.

இதைப் பார்த்துச் சொல்வதற்கென ஒரு நிறுவனம் நாட்டில் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984 இல் அமைக்கப்பட்டது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களை வரைபடமாக்கும் பணியை அது 1990 இல் முதன்முதல் தொடங்கியது பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேதான். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிலே உள்ளூராட்சி மன்றம் கட்டட அனுமதி வழங்குமுன் இந்நிறுவனத்தின் அறிக்கையைப் பெறவேண்டும் என்ற நடைமுறை 2011 முதல் நிலவுகின்றது. மழை அளவை வைத்து அது விடுக்கும் எச்சரிக்கைகளையும் ஒவ்வொரு குடும்பமும் மனத்திற் பதித்தல் நலம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல். 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல். 150 ஐத் தாண்டினால் வெளியேறிவிடுதல். நேராய் நின்ற மரமுங் கம்பமும் சாய்தல், தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றுதல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், தெளிந்த ஊற்றுக் கலங்குதல் ஆகியன மழைமானி இல்லாதவர்க்கும் மண் தானே சொல்லும் அறிகுறிகளாம்.

மண் சொன்னதைக் கேளாத நாள் ஒன்றை ஊவா மறக்கவில்லை. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையிலே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுட் புதைந்தன. அவ்விடம் பாதுகாப்பானதன்று என்பது 2005 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து சொல்லப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர்; மாலையிலே அவர்கள் திரும்பி வருவதற்கு வீடுமில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை. 2023 மார்ச்சிலே பூனாகலைக் கபரகலைத் தோட்டத்தில் மறுபடியும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி வந்தபோது நாடெங்கும் 600 க்கு மேற்பட்டோர் மாண்டனர். மிகக் கடுமையாகத் துன்புற்ற மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. இவற்றை எண்ணும்போது, ‘நாலு கம்பத்துக்கு எதற்கு அனுமதி?’ என்ற வினாவிலுள்ள சிரிப்பு மறைந்துவிடுகின்றது.

ஏனைய நாட்டாரும் இதனைச் சிந்தியாமலில்லை. ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் மாதிரிக் கட்டட விதித்தொகையிலே முற்றக் கூரைக்கென்றே தனியொரு பின்னிணைப்பு உண்டு. அது ஒரு மாடிக்கு மேற்படலாகாது; 12 அடிக்கு மேல் உயரலாகாது; சதுர அடிக்கு 10 இறாத்தல் வீதம் மேற்பாரத்தைத் தாங்கவேண்டும். அதன் பக்கங்கள் பெரும்பாலும் திறந்திருத்தல் வேண்டும் என்பதும் விதி. வண்டி நிறுத்தவோ, படுத்துறங்கும் அறையாகவோ அதனைப் பயன்படுத்தலாகாது. இங்கிலாந்திலே வாசற் கூரை நிலப்பரப்பில் 3 சதுர மீற்றருக்கும் உயரத்தில் 3 மீற்றருக்கும் மேற்படாமலும், பெருவீதியின் எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் வாராமலும் இருந்தால், பொதுவாகத் திட்ட அனுமதி கேட்காமலே அமைக்கலாம். சிறியதற்குச் சிறிய விதி. பெரியதற்குப் பெரிய விதி என்னும் முறை அங்கே தெளிவாயுள்ளது.

அமெரிக்கர் ‘திறந்திருக்கட்டும்’ என வற்புறுத்துவதன் காரணம் எமக்கு நன்கு விளங்கும். எமது ஊரிலே பத்தியின் சரித்திரம் எப்படிச் செல்கிறது? முதலாண்டு தகரம். இரண்டாம் ஆண்டு சாரலுக்கு மறைப்பாக ஒரு பக்கம் பலகை. மூன்றாம் ஆண்டு பலகைக்குப் பதிலாகக் கல். நான்காம் ஆண்டு கதவு. ஐந்தாம் ஆண்டு மூத்த பையனின் படுக்கை. நிழலுக்கென்று போட்ட கூரையின் கீழே, மண்மேட்டின் அடியிலே, அடித்தளமற்ற சுவர்களுக்கு நடுவிலே ஒரு பிள்ளை உறங்குகின்றது. எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆண்டுக்கு ஓரடி நடந்து அங்கே வந்து சேர்ந்தனர், அவ்வளவே.

எமது விண்ணப்பம் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். காணி உறுதியின் பிரதி, நில அளவையாளரின் வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், தகுதி பெற்ற ஒருவர் வரைந்து ஒப்பமிட்ட திட்டப்படம் ஆகியவற்றோடு கட்டணமுஞ் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும். எம்முடைய கோவை இருமுறை திரும்பி வந்தது. இரண்டும் எமது பிழையே. முதன்முறை, பழைய நில அளவைப் படத்திலே பின்னர் கட்டிய குளியலறை காணப்படவில்லை. இரண்டாம் முறை, மண்மேட்டின் உயரத்தைப் படத்திற் குறிக்க மறந்திருந்தோம். மூன்றாம் முறை தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்தார். இளைஞர், எமது மகன் வயதிருக்கும். அவர் முற்றத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மேட்டைப் பார்த்தார். அளவுநாடாவை எடுத்து அளந்தார். ஒன்பதடி உயரத்துக்கு மண் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. அதன் தலையிலே நின்ற சவுக்கு மரம் சற்றே எம்மை நோக்கிச் சாய்ந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக அதன் கீழே பிள்ளைகளை இருத்திப் பாடஞ் சொன்ன எமக்கு அது தெரியவில்லை.

“இங்கே வேண்டாம் சேர். வீட்டின் பக்கவாட்டிலே போடுங்கள். பிள்ளைகளையும் அங்கேயே இருத்துங்கள்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எல்லாக் கட்டணமுந் தகும். பக்கவாட்டிலே பத்தி எழுந்தது. மழைநீர் பீலி வழியே வீதி வடிகாலுக்குச் சென்றது. வேலை முடிந்தபின் இணக்கச் சான்றிதழும் பெற்றோம். பின்முற்றத்து மண்வெட்டைச் சாய்வாக்கி, அடியிலே நீர் வடியும் துவாரங்களோடு தாங்குசுவர் எழுப்பும் வேலை இன்னும் பாக்கி.

இத்துடன் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் புதிய பத்தியின் கீழ் அமர்ந்து நாம் இக்கதையைப் பெருமையோடு சொல்லி முடித்த அன்று, தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், எங்க லயத்து இஸ்தோப்புக்கு ஒரு தகரம் போடணும்னா நாங்க யார்கிட்ட பிளேன் குடுக்கணும்?”

எமக்கு உடனே விடை வரவில்லை.

அவன் வீடு பழைய லயத்திலே ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை; முன்னே இஸ்தோப்பு. அதிலேதான் அடுப்பு, அதிலேதான் பாட்டியின் படுக்கை, அதிலேதான் அவன் படிப்பு. இஸ்தோப்புக்கு முன்னே ஆறடி தகரம் இறக்கினால் அவனுக்குப் படிக்க ஓரிடம் கிடைக்கும். ஆனால் விண்ணப்பப் படிவத்தின் முதற் கேள்வியே ‘காணி உறுதி உண்டா?’ என்பது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பெரும்பாலானவை பிராந்தியத் தோட்டக் கம்பெனிகளின் நிருவாகத்திற்குச் சென்றன. ஐந்து தலைமுறையாக அந்தக் காம்பராவிலே பிறந்து வளர்ந்த குடும்பத்தின் பெயரிலே ஓர் அங்குல நிலமும் இல்லை. உறுதி இல்லையேல் வரைபடம் இல்லை. வரைபடம் இல்லையேல் விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லையேல் அளவுநாடாவோடு எந்த உத்தியோகத்தரும் வந்து மேட்டை அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. தோட்டத்துரை வாய்மொழியாகத் தலையசைத்தால் தகரம் ஏறும். இல்லையேல் இரவிலே ஏறும். இரண்டிலும் கணக்குப் பார்ப்பவர் எவருமிலர்.

ஆபத்தோ அங்கேதான் அதிகம். பழைய லயங்களின் சுவர்கள் பல, சீமெந்தின்றிக் கல்லும் மண்ணுங் கொண்டு எழுந்தவை. வரிசையிலுள்ள அத்தனை வீடுகளுக்கும் கூரை ஒன்றே. ஒரு வீட்டார் தமது புதிய தகரத்தை லயத்தின் வளைமரத்தோடு பிணைத்தால், காற்று அதனைத் தூக்கும்போது வரிசை முழுவதும் அசையும்.

மாற்றங்கள் நிகழாமலில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குப் பணி செய்வதற்குத் தடையாய் நெடுங்காலம் இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 7 பேர்ச் காணியிலே 550 சதுர அடித் தனி வீடுகள் இந்திய உதவியோடு எழுந்துள்ளன. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சும் 1,350 சதுர அடியிலே நாளை பத்திகள் இறங்கும் என்பதில் ஐயமில்லை. குடும்பம் வளர வீடும் வளரும். ஆகவே இக்கேள்வி லயத்தோடு முடிவதன்று.

ஈழத்துத் தமிழிலே காணிப் பத்திரத்தை உறுதி என்கிறோம். அசையாத் தன்மையையும் உறுதி என்கிறோம். கட்டட அனுமதி என்பது இவ்விரண்டு உறுதிகளையும் பற்றிய இரண்டு வினாக்களே. ‘நிலம் யாருடையது?’ என்பது முதல் வினா. ‘கட்டியது நிற்குமா?’ என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு விடை சொல்ல முடியாதவரை இரண்டாம் வினாவின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். காற்றும் மழையும் அவ்வாறு வரிசை பார்ப்பதில்லை. அவை இரண்டாவது வினாவை மட்டுமே கேட்கின்றன. எவரிடமும் பத்திரம் கேட்பதில்லை.

காணி உறுதி கிடைக்கவேண்டியது நீதி. அது அரசியலாரின் கடன்; அதனைக் கேட்டுக்கொண்டேயிருப்போம். ஆனால் அது வரும்வரை மற்ற உறுதி காத்திருக்கத் தேவையில்லை. லயங்கள் பெரும்பாலும் ஒரே அளவில், ஒரே முறையில் அமைந்தவை. அவற்றின் குறையாகிய அதுவே இங்கு ஒரு வசதியுமாகும். ஒரு நல்ல பொறியியலாளர், ஓர் இஸ்தோப்புக் கூரைக்கு ஒரேயொரு மாதிரிப் படம் வரைந்தால் அது நூறு லயங்களுக்கு உதவும்: லயத்துக் கூரையைத் தொடாது தன் கம்பங்களிலே தானே நிற்பதாக, அடித்தளத்தின் அளவும் ஆணியின் வகையும் நீர் வடியும் வழியும் குறித்ததாக. தோட்ட நிருவாகம் ஆட்சேபமில்லையென ஒரு கடிதம் தரட்டும். பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரும் தோட்டத்துக்கு ஒருமுறை வந்து, இங்கே போடலாம், இங்கே ஆகாது என்று லயம் லயமாகக் குறித்துச் செல்லட்டும். பதுளையிலே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கு தொழில்நுட்பம் பயிலும் எம் பிள்ளைகள் தம் ஊருக்கு முதல் வரைபடத்தை வரைந்து தரலாகாதா?

அந்த மாணவனுக்கு அன்று நாம் சொன்ன விடை முழுமையானதன்று. “தகரம் வாங்குமுன் உன் லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டை அண்ணாந்து பார், மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வந்து சொல்” என்றோம். மறுநாள் அவன் கொப்பியிலே ஒரு படம் வரைந்து வந்தான். லயம், மேடு, நீரோடை, மூன்று மரங்கள் எல்லாம் அளவோடு இருந்தன. மரங்கள் நேராகவே நின்றன. கயிறு பிடித்து மேட்டின் உயரத்தையும் அளந்திருந்தான்.

படத்தின் அடியிலே விண்ணப்பகாரர் பெயர் என்று எழுதித் தன் பெயரை இட்டிருந்தான். ‘காணி உறுதி இலக்கம்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தான்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப எம்மால் இயலாது. ஆனால் வருகிற ஞாயிறு, பொறியியலாளரான பழைய மாணவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த லயத்துக்குப் போவதாயிருக்கிறோம். அளவுநாடாவும் கொண்டு செல்வோம்.